சோபட்மா எனும் துறைமுகம்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்தின் வெள்ளை உப்புக் குவியல்களைப் பலர் பார்த்திருப்பீர்கள். இந்தக் கரை ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன்பே உலகப் புவியியலில் இடம்பெற்றுவிட்டது என்று சொல்லலாம்!

கி.பி. முதல் நூற்றாண்டில், எகிப்திலிருந்து வணிகம் செய்த பெயர் தெரியாத ஒருவர் கிரேக்க மொழியில் 'எரித்ரேயக் கடல் பெரிப்ளஸ்' என்ற பயணக் கையேட்டை எழுதினார். சோழமண்டலக் கரையின் துறைமுகங்களை அவர் வரிசையாகச் சொல்கிறார்: கமரா, பொதுகே, சோபட்மா. பொதுகே புதுச்சேரிக்கு அருகே உள்ள அரிக்கமேடு என்றும், அதற்கு வடக்கே உள்ள சோபட்மா மரக்காணம் என்றும் ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். சங்க இலக்கியம் பாடும் எயிற்பட்டினமும் இதுவே என்பது அவர்கள் கருத்து.

நாம் பெருமைப்பட வேண்டிய செய்தி பெரிப்ளஸில் அந்தத் துறைமுகப் பட்டியலுக்கு அடுத்து இருக்கிறது. தனி மரங்களைப் பிணைத்துக் கட்டிய 'சங்கரா' என்னும் பெரிய கலங்களும், கங்கைக்கும் கிழக்கே பொன் நாட்டுக்கும் கடல் கடந்த இன்னும் பெரிய மரக்கலங்களும் இத்துறைகளில் நின்றன என்கிறார் அவர். அந்தக் கிழக்குக் கடல்வழிகள் நம் கரை மாலுமிகளுக்கு அப்போதே பழகியவை.

இந்தக் கடல் வணிகத்துக்கு மண்ணுக்கடியிலும் சான்று உண்டு: 1945-இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் அகழ்ந்தபோது கிடைத்த இத்தாலிய மட்பாண்டத் துண்டுகள், தென்னிந்தியத் தொல்லியலுக்கே காலக்கணக்கு வகுக்க உதவின.