குளிரில் உறங்கும் மின்சக்தி

தேனி மாவட்டத்துக் கொழுக்குமலையிலே சூரிய உதயத்தைத் தரிசிக்க வேண்டுமென்னும் ஆவலால், சூரியநெல்லியிலிருந்து ஜீப்பில் குலுங்கிக் குலுங்கி ஏறி, கூடாரத்தில் இரவைக் கழித்து, தை மாதக் குளிரில் இருள் பிரியுமுன் எழுந்து, கிழக்கு வெளுக்கும் தருணத்தில் படமெடுக்கலாமென்று கைப்பேசியை நீட்டினேன். 32 சதவீதம் மீதமிருப்பதாகக் காட்டிய அந்த மூன்று வருஷத்துப் பழைய சாதனம், காமிராவைத் திறந்த மாத்திரத்தில் அணைந்துபோயிற்று. சட்டைக்குள் மார்போடு அணைத்து வைத்திருந்து, கால் மணி நேரம் சென்றபின் பொத்தானை அழுத்தினால் உயிர் பெற்றுவிட்டது. மீதமும் ஏறக்குறைய அப்படியே இருந்தது.

இதன் காரணத்தை அறிந்துகொண்டால் கூடார வாசத்தில் பாதி சங்கடம் தீரும். லித்தியம் அயனி பேட்டரியில், அயனிகள் ஒரு மின்முனையிலிருந்து மற்றொன்றுக்கு ஒரு திரவத்தின் வழியே பிரயாணம் செய்கின்றன. உஷ்ணம் குறையக் குறைய அப்பிரயாணம் மந்தமாகி, உள்ளிருக்கும் மின்தடை பெருகுகிறது. அந்த நிலையில் காமிரா திடீரென்று மிகுந்த மின்சாரத்தைக் கேட்கும்போது, வோல்ட் அளவு சரிந்து, கைப்பேசி தன்னைத் தானே அணைத்துக்கொள்கிறது. சக்தி அழிந்துவிடவில்லை, வெளிவர இயலாமல் உள்ளே அடைபட்டிருக்கிறது. ஆகையால் கைப்பேசியையும் பவர் பேங்கையும் இரவில் போர்வைக்குள் வைத்துக்கொண்டு உறங்குவதே உசிதம். லடாக் போன்ற பிரதேசங்களுக்குச் செல்வோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் எதிர்மின்முனையில் லித்தியம் உலோகமாகவே படிந்து, பேட்டரிக்கு நிரந்தரமான கேடு விளையும்.

பவர் பேங்கின் மேல் 10,000 என்று பெரிதாக அச்சிட்டிருப்பதைக் கண்டு, 5,000 மில்லி ஆம்பியர் மணி கொண்ட கைப்பேசியை இரண்டு முறை நிரப்பலாமென்று கணக்கிடுவது இயல்பே. ஆனால் அந்த 10,000 என்பது உள்ளிருக்கும் கலங்களின் 3.7 வோல்ட்டுக்கு உரியது. பெருக்கினால் 37 வாட் மணி. அதை 5 வோல்ட்டாக உயர்த்தும்போதும், கைப்பேசி தன் தேவைக்கேற்ப மறுபடி தாழ்த்தும்போதும் ஒரு பகுதி வெப்பமாக விரயமாகிறது. கைப்பேசிக்கு வேண்டியதோ சுமார் 19 வாட் மணி. எனவே ஒன்றரை முறை என்று எதிர்பார்ப்பதே நியாயம். பின்புறத்தில் பொடி எழுத்தில் வேறொரு சிறிய எண் இருக்கும். வாங்கும்போது பார்க்க வேண்டியது அதைத்தான்.

மலைப் பள்ளத்தாக்குகளிலே சக்தியைச் சத்தமின்றி உறிஞ்சுவது சிக்னல் இன்மை. கோபுரம் தூரத்திலிருந்தால் கைப்பேசி தன் அலைபரப்பு வலிமையை உயர்த்துகிறது. கோபுரமே அகப்படாவிட்டால், பையில் சும்மா கிடப்பதாக நாம் எண்ணிக்கொண்டிருக்கும்போதே மீண்டும் மீண்டும் தேடிக்கொண்டிருக்கிறது. ஃப்ளைட் மோடில் போட்டுவிட்டால் அந்தத் தேடல் நின்றுவிடும். வழி தெரியாமற் போகுமே என்ற பயம் வேண்டியதில்லை, ஜி.பி.எஸ். என்பது செயற்கைக்கோள்களின் அலைகளைப் பெற்றுக்கொள்வதேயன்றி எதையும் அனுப்புவதன்று. வரைபடத்தை ஊரிலேயே இறக்கி வைத்திருந்தால் சிக்னல் இன்றியும் இருக்குமிடத்தைக் காட்டும்.

சோலார் பேனலைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். இரண்டு நாள் தங்கலுக்கு அது வீண் சுமை என்பதே என் அபிப்பிராயம். 10 வாட் என்ற அளவு, பூரண வெயிலில், பரிசோதனைச் சாலையின் நிபந்தனைகளில் கிடைப்பது; மர நிழலும் மஞ்சும் சூழ்ந்த மலையில் பாதி கிடைத்தாலே பாக்கியம். கலங்கள் வரிசையாகக் கோக்கப்பட்டிருப்பதால், ஓர் இலையின் நிழல் ஒரு கலத்தின்மேல் விழுந்தாலும் மொத்த வரவும் வெகுவாகக் குன்றிவிடும். ஒரு வாரம் காட்டிலிருப்போருக்கு அது பயன்படும். அப்போதும் பேனலை மட்டும் வெயிலில் விரித்து, பவர் பேங்கை நிழலில் வைத்து நிரப்ப வேண்டும்.

வெளிச்சத்துக்குத் தனியாக ஒரு டார்ச் இருக்கட்டும். அடுத்த முறை நான் அப்படித்தான் சென்றேன். கைப்பேசியை ஃப்ளைட் மோடில் போட்டு, கம்பளிக்குள் வைத்துக்கொண்டு உறங்கினேன். விடியலில் மேகக்கடல் செந்நிறமாகி, அது வெண்மையாகும் வரையில் காமிரா அணையவில்லை.