நாளாந்தம் அரிக்கும் கவலைகள்

நித்திரை வருவதில்லை, நெஞ்சு படபடக்கின்றது, தொட்டதற்கெல்லாம் கோபம் வருகின்றது. எமது கிராமங்களில் அடிக்கடி கேட்கும் முறைப்பாடுகள் இவை. ‘எல்லாம் யுத்தம் செய்த வேலை’ என்று ஒரே வார்த்தையில் சொல்லி முடித்துவிடுகின்றோம். அது முழு உண்மையா?

இரணைமடுக் குளத்தை நம்பி, 1950களில் குடியேற்றத் திட்டமாக உருவான ஊர் வட்டக்கச்சி. 2008 இறுதியிலும் 2009 தொடக்கத்திலும் இப்பகுதி மக்கள் தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று ஓடினர். ஈற்றில் செட்டிகுளம் மெனிக்பாம் முகாம்களில் அடைபட்டனர். அந்த இழப்பின் காயம் ஆழமானது. அது தனிமனிதரோடு நின்றுவிடாது, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே தாக்கும் என்பதை மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் நீண்டகாலமாக எழுதி வந்துள்ளார்.

ஆயினும் கெனத் மில்லர், அன்ட்ரூ ரஸ்முசன் என்னும் ஆய்வாளர்கள் 2010இல் இன்னொரு பக்கத்தைக் காட்டினர். போரைக் கண்ட சமூகங்களில் வறுமை, குடும்பச் சச்சரவு, தனிமை போன்ற அன்றாட நெருக்கடிகளும் மனதைப் பெரிதும் வருத்துகின்றன. போரின் பாதிப்பில் ஒரு பகுதி இவற்றின் வழியாகவே வந்து சேர்கின்றது என்றனர். எம் மத்தியில் அவை எவை?

முதலாவது, கடன். போகத்தை நம்பிக் கடன் எடுக்கின்றோம். அறுவடை வேளையில் நெல் விலை இறங்கும். தவணைப் பணம் இறங்காது. வரட்சி கண்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற நுண்கடன்களில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்ய 2018இல் அரசாங்கமே முன்வந்தது. சுமை எவ்வளவு என்பதற்கு அதுவே சாட்சி.

இரண்டாவது, நிச்சயமின்மை. சிறுபோகத்திற்குக் குளத்து நீர் எத்தனை ஏக்கருக்குப் போதும் என்று தெரியும்வரை மனம் தத்தளிக்கும். 2018 டிசம்பரில் வெள்ளம் வயல்களை மூடியது. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் தடை நீங்கியபோது காலபோகம் தொடங்கிவிட்டது. இவற்றில் கமக்காரரின் பிழை எதுவுமில்லை.

மூன்றாவது, முடிவில்லாத காத்திருப்பு. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் போராட்டத்தைத் தொடங்கினர். இறந்தவருக்காக அழுது ஆறலாம். வருவாரா, மாட்டாரா என்று தெரியாதவருக்காக எப்படி ஆறுவது?

ஆபத்து நேரத்தில் உடல் அட்ரினலின், கோட்டிசோல் என்னும் சுரப்புகளை வெளியிடும். இதயம் வேகமாக அடிக்கும், கைகால்கள் உசாராகும். ஷெல் விழுந்தபோது பதுங்குகுழிக்கு ஓட இது உதவியது. கடன் தவணைக்குப் பதுங்குகுழி இல்லை. உடல் நாள்தோறும் இப்படி உசார் நிலையிலேயே நின்றால் நித்திரை கெடும், இரத்த அழுத்தம் ஏறும், சமிபாடு குழம்பும். இதனை மறக்கக் கசிப்பை நாடுவோர், இருக்கும் நித்திரையையும் கெடுத்துப் புதுக்கடனையும் தேடிக்கொள்கின்றனர். அடி விழுவதோ பெரும்பாலும் மனைவி பிள்ளைகளுக்கு.

ஆகவே, கவலைகளை ஒரு கொப்பியில் எழுதி மூன்றாகப் பிரித்துப் பார்ப்போம்.

எம் கையில் உள்ளவை: வீட்டுக் கடன் முழுவதையும் கணவனும் மனைவியும் ஒன்றாக இருந்து கணக்கிடலாம். மறைத்த கடன் இரட்டிப்பாக நெருக்கும். பழைய கடனை அடைக்கப் புதுக்கடன் எடுப்பதை நிறுத்தலாம்.

ஊர்கூடிச் செய்யக்கூடியவை: தண்ணீர், உரம், நெல் விலை, காணிப் பத்திரம். இவற்றுக்காகத் தனியே அலைவதைவிட, கமக்கார அமைப்பும் மாதர் சங்கமும் ஒன்றாகப் பிரதேச செயலகத்திற்குச் செல்வது பலன் தரும்.

உடனே தீராதவை: காத்திருப்பும் பிரிவும். இவற்றைத் தனியே சுமக்கவிடக் கூடாது. அயலில் ஒருவர் நாள்தோறும் எட்டிப் பார்த்து, புத்தி சொல்லாமல் கேட்டுக்கொண்டிருப்பதே பெரிய உதவி.

வாரக்கணக்கில் நித்திரையில்லை, உயிரை மாய்க்கும் எண்ணம் வருகின்றது என்றால் தாமதிக்கக் கூடாது. கிளிநொச்சி வைத்தியசாலையின் மனநலப் பிரிவை நாடலாம். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை எந்நேரமும் அழைக்கலாம். காய்ச்சலுக்கு மருந்தெடுப்பதில் வெட்கப்படாத நாம் இதற்கு மட்டும் ஏன் வெட்கப்பட வேண்டும்?

மனம் களைப்பதைச் சோம்பல் என்று ஏசாதிருப்போம். காடுவெட்டி, வாய்க்கால் கட்டி, அழிந்த வளவில் மீண்டும் கூரை போட்ட மக்கள் நாம். அந்த வேலைகளை யாரும் தனித்துச் செய்யவில்லை. இந்தச் சுமையையும் பகிர்ந்தே இறக்குவோம்.