தப்பு விடை சமைக்கும் அடுக்களை

சனிக்கிழமை ராத்திரி ஏழரை மணி. திருச்சி தில்லைநகரில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் ஒரு பயிற்சி மையம். செருப்பைப் படியோரம் விட்டுவிட்டு என் பின்னாலேயே வந்துவிடுங்கள். இங்கே படிக்கும் பிள்ளைகள் ஒருவர்கூட இதுவரை தாண்டாத கதவு இது. நாளை மதியம் அவர்கள் எழுதப்போகும் கிளாட் மாதிரித் தேர்வின் கேள்வித்தாள் உள்ளே உருவாகிக்கொண்டிருக்கிறது. பக்கத்திலேயே உட்கார்ந்து பார்க்க எனக்கு அனுமதி கிடைத்துவிட்டது! ஒரே நிபந்தனை, போனை வாசலில் இருக்கும் பிஸ்கட் டப்பாவில் போட வேண்டும். போட்டாயிற்று.

நுழைந்ததும் ஜெராக்ஸ் மிஷினின் அனல் முகத்தில் அடிக்கிறது. மேசை எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை, அவ்வளவு காகிதம். பத்திரிகைக் கத்தரிப்புகள், மூடி தொலைந்த ஸ்கெட்ச் பேனாக்கள், பாதி கடித்த சமோசா, அதன் எண்ணெய் ஊறிய ஒரு விடைத்தாள். ஆங்கிலம் எடுக்கும் மிஸ் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறார். நாற்காலியில் கணக்கு சார். ஜன்னலோரம், நாவலூர் குட்டப்பட்டில் இருக்கும் தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு படிக்கும் அக்கா. சனி, ஞாயிறுகளில் கேள்வி எழுதித் தர வருகிறார்.

தேர்வைப் பற்றி நாலு வரி சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் சேர எழுத வேண்டியது கிளாட். 2008இல் தொடங்கியது. பெரும்பாலும் ஒற்றை வரிக் கேள்விகளாக 200 கேட்டுக்கொண்டிருந்த தேர்வு 2020இல் முகத்தையே மாற்றிக்கொண்டது. இப்போது ஆங்கிலம், நடப்புச் செய்தி, சட்டம், தர்க்கம், எதுவானாலும் முதலில் ஒரு பத்தியைப் படிக்க வேண்டும். 2023 டிசம்பரிலிருந்து 120 நிமிடத்தில் 120 கேள்வி, தப்பானால் கால் மதிப்பெண் போச்சு. ஆங்கிலப் பகுதிக்கு மட்டும் 22 முதல் 26 கேள்வி. ஒவ்வொரு பேசேஜும் ஏறக்குறைய 450 சொல். அந்தச் சொற்களுக்குள்தான் பிள்ளைகள் தடுக்கி விழுகிறார்கள்.

மிஸ் ஒரு கட்டுரையைச் சுருக்கிக்கொண்டிருக்கிறார். கிராமத்துக் குளங்களைத் தூர்வாருவது பற்றியது. 700 சொல் இருந்ததை அரிந்து அரிந்து 460க்குக் கொண்டுவந்துவிட்டார். இன்னும் பத்துச் சொல். "அந்தக் கிணத்து உதாரணத்த எடுத்துடுங்க மிஸ்" என்கிறார் அக்கா. "அதை எடுத்தா மூணாவது கேள்விக்கு விடையே இருக்காதே!" பத்துச் சொல்லுக்குப் பத்து நிமிடச் சண்டை. எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை.

அடுத்ததுதான் நான் பார்க்க ஆசைப்பட்ட வேலை. தப்பு விடை சமைப்பது!

குளப் பத்தி சொல்வது இவ்வளவுதான்: தூர்வாரிய சில ஊர்களில் கிணற்று நீர் ஏறியது, வரத்து வாய்க்காலைச் சரிசெய்யாத ஊர்களில் அவ்வளவாகப் பயனில்லை. இதன் மையக் கருத்து என்ன என்பது கேள்வி. அக்கா பேனாவைக் கடித்துக்கொண்டே முதல் பொய்யை எழுதுகிறார்: தூர்வாரினால் எல்லா ஊரிலும் நீர் பெருகும். பத்தியில் இருந்த 'சில' இங்கே 'எல்லா' ஆகிவிட்டது, கவனித்தீர்களா? இரண்டாவது: வாய்க்காலைப் பராமரிப்பது அரசின் கடமை. நல்ல கருத்துதான், ஆனால் கட்டுரையாளர் அதைச் சொல்லவே இல்லை. மூன்றாவதில் தலையையும் வாலையும் மாற்றிவிடுகிறார்: கிணறுகளில் நீர் ஏறியதால் குளங்களைத் தூர்வாரினார்கள். சொற்கள் அத்தனையும் பத்தியில் இருப்பவை, அதனாலேயே அவசரக்காரர்கள் இதில் விழுவார்களாம்.

"சரியான விடைக்கு எப்பவும் சாயம் போன சட்டைதான் போடுவோம்" என்று அக்கா சிரிக்கிறார். பளபளப்பெல்லாம் தப்பு விடைகளுக்கு.

ருசி பார்ப்பது கணக்கு சார். பத்தியைக் காட்டாமல் கேள்வியையும் விடைகளையும் மட்டும் அவரிடம் நீட்டுகிறார்கள். டிக், டிக், டிக். ஐந்துக்கு நாலு சரி! அறையில் ஒரே கூச்சல். "எப்படி சார்?" "சரியான விடை மட்டும் ரெண்டு வரி நீளம். மத்ததெல்லாம் அரை வரி. கண்ணே காட்டிக் குடுத்துருது." பத்தியைப் படிக்காமலே விடை சொல்ல முடிந்தால் அந்தக் கேள்வி குப்பைக்கு. மிஸ் புடவைத் தலைப்பால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறார். மணி பத்தரை. பிளாஸ்கில் டீ ஆறிப்போய் ஏடு கட்டிவிட்டது. மறுபடி ருசி பார்த்ததில் சாருக்கு ஒன்றே ஒன்றுதான் சரி. இரண்டு பெண்களும் கைதட்டிக் குதித்தார்கள், நானும்தான்.

ஞாயிறு மதியம் இரண்டு மணி. உண்மைத் தேர்வும் இதே நேரத்தில்தான் நடக்கும், அதனால் சாப்பாட்டு மயக்கத்தோடு படித்துப் பழகட்டும் என்று இந்த ஏற்பாடு. நாம் கதவிடுக்கில் நிற்போம். மின்விசிறி கடகடக்கிறது. நீலப் பேனாக்கள் வட்டங்களை நிரப்புகின்றன. முதல் வரிசைத் தம்பி உதட்டை அசைத்தே படிக்கிறான். பின்னால் ஒரு பையனின் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. மிஸ் நடந்துகொண்டே சின்ன நோட்டில் ஏதோ குறிக்கிறார். காப்பி அடிப்பவர்களைத்தான் பிடிக்கிறார் என்று நினைத்தேன். கேள்வியைப் படித்தபின் யார் பத்திக்குத் திரும்பிப் போகிறார்கள், யார் நினைவிலிருந்தே வட்டத்தை நிரப்புகிறார்கள், அதைத்தான் கணக்கெடுக்கிறாராம்!

நாலரைக்கு டீயும் போண்டாவும் வந்ததும் நிஜத் திருவிழா தொடங்கியது. மதிப்பெண்ணை யாரும் முதலில் கேட்கக் கூடாது. தப்பு விட்ட ஒவ்வொரு கேள்விக்கும் பத்தியில் விரல் வைத்து வரியைக் காட்ட வேண்டும். "எனக்கு அப்படித்தான் தோணுச்சு மிஸ்" என்று ஒருவன் தொடங்கியதுமே வகுப்பு முழுக்க "வரியக் காட்டு! வரியக் காட்டு!" என்று கத்துகிறது. அந்த 'சில'வுக்காக மட்டும் கால் மணி நேர வாதம். கடைசியில் அவனே விரலை எடுத்துவிட்டு, "ஆமா, 'சம்'னுதான் இருக்கு" என்று முணுமுணுத்தான். பக்கத்தில் இருந்தவன் அவனுக்குத் தன் போண்டாவைத் தூக்கிக் கொடுத்தான்.

எனக்கு மிகவும் பிடித்தவள் மண்ணச்சநல்லூரிலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு பெண். பத்தாவது வரை தமிழ் மீடியம். தேர்வோ முழுக்க ஆங்கிலம். மாடிப்படியில் உட்கார்ந்து ஆயாவுக்குப் போன் போட்டு, காலையில் படித்த பேசேஜைத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள். "அதுக்கு அந்த ஆளு என்னதான் சொல்ல வர்றான்?" என்று ஆயா மறுமுனையில் கேட்டது எனக்கே கேட்டது. இவளால் ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. "இரு ஆயா" என்று சொல்லிவிட்டுப் பேசேஜை மறுபடி படித்தாள். தினமும் இப்படித்தானாம். வேக வாசிப்புக்கு எத்தனையோ வழி சொல்கிறார்கள். நான் பார்த்த மட்டில் இந்த ஆயாவின் கேள்விக்கு இணையாக ஒன்றும் இல்லை, மனசாரச் சொல்கிறேன்.

அவளுடைய தப்பு நோட்டையும் எனக்குக் காட்டினாள். கேள்விகள் இல்லை, காரணங்கள் மட்டும்: 'அவசரம்.' 'என் சொந்தக் கருத்து.' '"ஹவெவர்" வந்ததைக் கவனிக்கல.' ஜூன் மாதப் பக்கங்களில் 'அவசரம்' வரிசையாக நிற்கிறது. செப்டம்பரில் தேடினால்தான் கிடைக்கிறது. அன்றைய ஆங்கிலப் பகுதியில் 24க்கு 18 வாங்கியிருந்தாள். முதல் தேர்வில் 11.

கிளம்பும் நேரம். மிஸ் அவளைக் கூப்பிட்டு நேற்று நாம் நுழைந்த அதே கதவைத் திறந்துவிட்டார். என் நெஞ்சு படபடத்தது, அவளுக்கு எப்படி இருந்திருக்கும்! செவ்வாய்க்கிழமை வகுப்புக்கான பேசேஜ் ஒன்றைக் கொடுத்து, "ஒரே ஒரு தப்பு விடை எழுது பாப்பா" என்றார். ஜெராக்ஸ் மிஷின்மேல் காகிதத்தை வைத்து எழுதினாள், அடித்தாள், மறுபடி எழுதினாள். கணக்கு சார் அன்றைக்குப் பத்தியையும் படித்துவிட்டுத்தான் விடையைத் தேடினார். ஒருமுறை படித்தார், மூக்குக் கண்ணாடியைத் துடைத்து இன்னொருமுறை படித்தார். பிறகு அவள் எழுதிய 'சி'யில் அழுத்தமாக டிக் போட்டார்.

"சார்," என்றாள், வாயைப் பொத்திக்கொண்டு, "வரியக் காட்டுங்க."