ஐம்பத்தோராவது பீஸ்

(எண்ணமும் சொத்துதான் – 9)

உடுமலைக்கும் பழனிக்கும் நடுவே, அமராவதித் தண்ணீரில் கரும்பும் நெல்லும் விளைகிற ஊர் மடத்துக்குளம். பனியன் தொழிலை நம்பியிருக்கும் திருப்பூர் மாவட்டத்தின் தென்கோடி. இங்கே நாலு டேபிள் போட்டு பிரிண்டிங் பட்டறை நடத்தும் ஒருவரை எடுத்துக்கொள்வோம்.

வெட்டி வந்த துணியை டேபிளில் சுருக்கமில்லாமல் ஒட்டுவார்கள். ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன். மஞ்சள் காய்ந்த பிறகு சிவப்பு, அதன்மேல் கறுப்பு. ஸ்கிரீன் ஒரு நூல் விலகினாலும் பீஸ் ரிஜெக்ட். இத்தனைக்கும் முன்னால், அந்த டிசைனை யாரோ ராத்திரி கண் விழித்து வரைந்திருப்பார்கள். பையருக்குப் பிடித்துப்போய் ஆர்டரும் வந்துவிடுகிறது. அடுத்த மாதமே அதே டிசைன் இன்னொரு கம்பெனி பனியனில் வந்து நின்றால்?

“வரைந்தது நான், பதிப்புரிமை எனக்குத்தானே” என்பார் பட்டறைக்காரர். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 15-வது பிரிவில் ஒரு கதவைச் சாத்தி வைத்திருக்கிறது. டிசைன் சட்டத்தின் கீழ் பதியத் தகுந்த ஒரு டிசைனைப் பதியாமல் விட்டு, தொழில்முறையில் 50 தடவைக்கு மேல் பொருளில் பதித்துவிட்டால், அந்த டிசைனுக்கான பதிப்புரிமை அத்தோடு போய்விடும். திருப்பூரில் 51-வது பீஸ் வருவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடிந்துவிடும்.

கம்பெனிப் பெயருக்கும் லேபிளுக்கும் டிரேட்மார்க், புது இயந்திரத்துக்கு 20 ஆண்டு பேட்டன்ட், ஊரின் பேரால் அறியப்படும் பொருளுக்குப் புவிசார் குறியீடு. இவற்றை முந்தைய வாரங்களில் பார்த்தோம். பனியன்காரர்களுக்கு அன்றாடம் உதவக்கூடியது டிசைன் பதிவு. அதிகம் கண்டுகொள்ளப்படாததும் அதுதான். 2000-ஆம் ஆண்டின் டிசைன் சட்டப்படி முதலில் 10 ஆண்டு பாதுகாப்பு, கேட்டால் இன்னும் 5. தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் விண்ணப்பக் கட்டணம் ஆயிரம் ரூபாய். நிபந்தனை ஒன்று உண்டு: டிசைன் அதற்குமுன் வெளியாகியிருக்கக் கூடாது. இன்ஸ்டாகிராமில் படம் போட்டுவிட்டு விண்ணப்பித்தால் புதுமை போயிற்று.

சரக்கு போவது வெளிநாட்டுக்கு. இந்தியப் பதிவு ஜெர்மனியில் செல்லாது. தொழில்சார் சொத்துரிமைக்கான பாரிஸ் ஒப்பந்தத்தில் இந்தியா 1998-இல் சேர்ந்ததால், இங்கே விண்ணப்பித்த தேதியைக் காட்டி 6 மாதத்துக்குள் மற்ற உறுப்பு நாடுகளில் முன்னுரிமை கேட்கலாம். ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளில் டிசைன் பதிய வழிசெய்யும் ஹேக் ஒப்பந்தத்தில் மட்டும் இந்தியா இன்னும் சேரவில்லை. ஏற்றுமதியை நம்பி வாழும் ஊர்களுக்கு இது பெரிய குறை. டெல்லி இதைத் தள்ளிப்போடக் கூடாது.

கண்டுபிடிப்பாளர்களுக்கு நிலைமை கொஞ்சம் தேவலை. பேட்டன்ட் கூட்டுறவு ஒப்பந்தம் வழியாக விண்ணப்பித்தால், எந்தெந்த நாட்டில் தொடர்வது என்று முடிவெடுக்க 30 மாத அவகாசம் கிடைக்கிறது. இந்தியத் தனிநபர்களுக்கு அதன் சர்வதேசக் கட்டணத்தில் 90 சதவீதம் தள்ளுபடி. ஜெனீவாவில் இருக்கும் உலக அறிவுசார் சொத்து அமைப்பு, கையில் காசில்லாத கண்டுபிடிப்பாளர்களுக்கு இலவசமாக உதவும் வழக்கறிஞர்களைச் சேர்த்து 2016-இல் ஒரு திட்டம் தொடங்கியது. கொலம்பியா, பிலிப்பைன்ஸ், மொராக்கோ முதலில் அதில் இறங்கின. நம் நாட்டிலும் 2016 முதல், அங்கீகாரம் பெற்ற ஸ்டார்ட்-அப்களுக்கு விண்ணப்பம் தயாரித்துத் தருபவரின் கட்டணத்தை மத்திய அரசே ஏற்கிறது.

பேட்டன்ட் என்றால் பெரிய முதலாளிகள் சமாச்சாரம் என்ற நினைப்பைக் கொங்கு நாட்டுக்காரர் ஒருவரே உடைத்திருக்கிறார். கோவை அருணாசலம் முருகானந்தம், பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். மலிவு விலை சானிட்டரி நாப்கின் இயந்திரத்துக்குப் பேட்டன்ட் வாங்கினார். பெரிய கம்பெனிகளுக்கு விற்காமல் மகளிர் சுய உதவிக் குழுக்களுக்குக் கொடுத்தார். 2016-இல் பத்மஸ்ரீ வந்தது. உரிமை அவர் கையில் இருந்ததால்தான், யாருக்குக் கொடுப்பது என்பதையும் அவரே முடிவுசெய்ய முடிந்தது.

டிசைன் விண்ணப்பத்தை ஆன்லைனிலேயே போடலாம். சென்னை கிண்டியிலுள்ள பேட்டன்ட் அலுவலகத்திலும் கொடுக்கலாம். பட்டறை வைத்திருப்பவர்கள் அடுத்த ஆர்டருக்கு ஸ்கிரீன் போடும் முன் விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள்.

(தொடரும்)