டிராக்டர் யந்திரத்தில் உஷ்ணம் மிகுதலும் அதனைத் தடுக்கும் முறைகளும்

சேற்றுழவு நடைபெறும் காலத்தில் டிராக்டர் வயலில் நின்றுவிடுமாயின், அதனால் விளையும் நஷ்டம் பழுதுபார்க்கும் செலவோடு முடிவதில்லை. வாய்க்காலில் முறைத் தண்ணீர் வரும் நாட்கள் கழிந்துவிடும். நாற்றங்காலில் நாற்று முற்றிவிடும். நடவுக்கு அமர்த்திய ஆட்களும் கலைந்துவிடுவர். யந்திரம் இவ்வாறு நின்றுபோவதற்குரிய காரணங்களில் அளவுக்கு மீறிய உஷ்ணமும் ஒன்றாம். இது முன்னறிகுறியின்றி நேருவது அரிது.

உஷ்ணம் மிகுவதன் காரணம்

டீசல் யந்திரத்தில் எரியும் எண்ணெயின் உஷ்ணத்தில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கே வேலையாக மாறுகின்றது. மற்றொரு பங்கு புகையோடு வெளியேறும். எஞ்சியதில் பெரும்பகுதியைச் சிலிண்டர்களைச் சூழ்ந்தோடும் ஜலம் ஏற்று, ரேடியேட்டருக்குக் கொண்டுசேர்க்க, அங்கே விசிறி இழுக்கும் காற்று அதனை ஆற்றுகின்றது. ஜலம் குறைந்தாலும், அதன் ஓட்டம் தடைப்பட்டாலும், காற்று புகாவிட்டாலும், சக்திக்கு மிஞ்சிய பாரம் ஏற்றினாலும் உஷ்ணம் மிகும். அதனால் மசகெண்ணெய் நீர்த்துப் பிஸ்டன் சிலிண்டரில் இறுகிக்கொள்ளும். சிலிண்டர் மூடி கோணிக் காஸ்கெட் கெடும்.

அன்றாடம் கவனிக்க வேண்டுவன

1. காலையில் யந்திரம் குளிர்ந்திருக்கும்போதே ரேடியேட்டரின் நீர்மட்டத்தைப் பார்த்தல் வேண்டும். அடிக்கடி குறையுமாயின், ரப்பர்க் குழாய்களிலும் நீர்ப்பம்பிலும் ஒழுகல் உளதா என ஆராய்க.

2. உப்புக் கிணற்று நீரை வார்த்தல் கூடாது. அதனால் உள்ளே படியும் காரை உஷ்ணத்தைக் கடத்தாது. கைப்புத்தகம் கூறும் கூலண்ட் திரவத்தையே உபயோகிக்க. இது குளிர்தேசத்துக்கு மட்டும் உரியதென எண்ணுவது தவறு. துருவைத் தடுப்பதோடு நீரின் கொதிநிலையையும் இது உயர்த்தும்.

3. விசிறிப் பெல்ட் தளர்ந்தால் விசிறி வேகம் குறையும். நடுவில் கட்டைவிரலால் அழுத்த, ஏறக்குறைய அரை அங்குலம் தாழ்வது சாதாரணமாகும்.

4. ரேடியேட்டர் தகடுகளில் அடையும் தூசியையும் பதரையும் விசிறிப் பக்கத்திலிருந்து முன்புறமாக ஊதி அகற்றுக. நீரை வேகமாகப் பீச்சினால் தகடுகள் மடியும். கதிரடிக்கும் களத்தில் டிராக்டர் ஒரே இடத்தில் நின்று பாடுபடுவதால், பதர் அதன்மேல் பறந்து வாராதபடி காற்றின் திசையறிந்து நிறுத்துக.

உஷ்ணமானி

வேலை நடக்கும்போது நீரின் உஷ்ணம் பெரும்பாலும் 80 முதல் 95 டிகிரி சென்டிகிரேட் வரை இருக்கும். முள் வழக்கமான இடத்தைத் தாண்டி ஏறினால், உழவின் ஆழத்தைக் குறைத்தோ, தாழ்ந்த கியருக்கு மாற்றியோ பாரத்தைத் தணிக்க. நீர் முழுதும் வடிந்துவிட்டால், மானியின் முனை நீரில் அமிழாமையால் முள் தாழ்ந்தே நிற்றலும் உண்டு. ஆதலின் ஆவி, கருகல் நாற்றம், இழுவைக் குறைவு ஆகியவற்றையும் கவனித்தல் அவசியம்.

முள் சிவப்பை அடைந்தால்

பாரத்தை நீக்கி, யந்திரத்தைச் சில நிமிஷம் மெதுவாக ஓடவிடுக. உடனே நிறுத்தினால் நீரோட்டமும் விசிறியும் நின்று, உள்ளிருக்கும் உஷ்ணம் நீரைக் கொதிக்கச் செய்யும். ஆனால் நீர் கொட்டிப்போயிருந்தாலும், பெல்ட் அறுந்திருந்தாலும், எண்ணெய் அழுத்த விளக்கு எரிந்தாலும் அக்கணமே நிறுத்திவிடுக.

சூடாக இருக்கையில் ரேடியேட்டர் மூடியைத் திறத்தல் பேராபத்தாகும். அழுத்தத்தினால் 100 டிகிரிக்கு மேலும் கொதியாதிருக்கும் நீர், மூடி கழன்றவுடன் ஆவியாகப் பீறிட்டு முகத்தையும் கைகளையும் வேகச்செய்யும். காய்ந்த யந்திரத்தில் குளிர்ந்த நீரை வார்த்தால் வார்ப்பிரும்பு வெடிக்கக்கூடும். நன்கு ஆறியபின்னரே மூடியைத் திறந்து நீர் சேர்க்க.

டிராக்டர் உடையோர் இவற்றைத் தம் ஓட்டுநர்களுக்கு எடுத்துரைக்க வேண்டும். வாடகை டிராக்டர்களின் பொறுப்பை ஏற்ற கூட்டுறவுச் சங்கத்தாரும் கிராம அதிகாரிகளும், காலைதோறும் இச்சோதனை முடிந்த பின்னரே யந்திரத்தை வயலுக்கு அனுப்புவார்களாயின், ஊரின் உழவு பருவந்தவறாது முடியும்.