வேலை நேரத் தரவுத்தளம்: மூன்றாவது அட்டவணை ஏன்?

கடையொன்றின் ஊழியர்கள் காலை, மாலை என இரு வேலைமுறைகளில் கடமையாற்றுகின்றனர். ஓர் ஊழியர் பல நாட்களில் இரு முறைகளிலும் வேலை செய்வார். ஒரு முறையில் ஊழியர் பலர் இருப்பர். இது பலவற்றுக்குப் பல தொடர்புடைமையாகும். இதற்கு மூன்று அட்டவணைகள் தேவை.

1. ஊழியர் (ஊழியர் இல., பெயர், பதவி)
2. வேலைமுறை (முறை இல., தொடங்கும் நேரம், முடியும் நேரம்)
3. கடமை (ஊழியர் இல., முறை இல., திகதி)

முதலிரு அட்டவணைகளின் முதன்மைச் சாவிகளான ஊழியர் இல., முறை இல. என்பன கடமை அட்டவணையில் அந்நியச் சாவிகளாகும். அதன் மூன்று புலங்களும் சேர்ந்தே அதன் முதன்மைச் சாவியாகின்றன. எனவே ஒரே கடமையை இருதடவை பதிய முடியாது.

கவனிக்க: மொத்த மணித்தியாலங்களைத் தனிப் புலமாகச் சேமிக்க வேண்டாம்; வினவல் மூலம் கணிக்கவும். இலங்கையின் 1954 ஆம் ஆண்டுக் கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி வாரத்திற்குச் சாதாரண வேலை நேரம் 45 மணித்தியாலங்கள். மேலதிக நேரத்திற்கு ஒன்றரை மடங்கு கொடுப்பனவு உண்டு. கடமையை மாற்றிவிட்டு மொத்தத்தை மாற்ற மறந்தால் ஊழியரின் சம்பளம் பிழைக்கும்.

வினா: கடமை அட்டவணையின் சாவியிலிருந்து திகதியை நீக்கினால் என்ன நேரும்?

விடை: ஓர் ஊழியரைக் காலை முறைக்கு ஒரு தடவை மட்டுமே பதியலாம், மறுநாள் பதிய முடியாது.