சுவாமிக்கு ஆவி, நமக்குச் சோறு

ஆவுடையார்கோவிலுக்குப் போகிறவர்கள் கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்புவது வழக்கம். அங்குள்ள கொடுங்கை அப்பேர்ப்பட்டது. கருங்கல்லை மரச் சட்டங்கள் போல இழைத்திருக்கும் அந்த வேலைப்பாட்டுக்கு அஞ்சி, முற்காலத்துச் சிற்பிகள் திருப்பணி ஒப்பந்தம் எழுதும்போது, இதைப் போன்ற கொடுங்கையை மட்டும் கேட்கக் கூடாது என்று நிபந்தனை போடுவார்களாம். சென்ற முறை நானும் அண்ணாந்து பார்த்தேன். ஆனால் என் மனம் நிலைத்தது மேலே அல்ல, கீழே. ஆத்மநாத சுவாமி சந்நிதிக்கு எதிரேயுள்ள கல்மேடையில்.

இந்த ஸ்தலத்தில் லிங்கத் திருமேனி இல்லை. ஆவுடையார் மாத்திரமே உண்டு. நைவேத்தியமும் அதற்கேற்ப விநோதமானது. சுடச்சுட வடித்த சோற்றை அந்தக் கல்லின்மேல் பரப்புகிறார்கள். அதிலிருந்து எழும் ஆவியே அருவமான சுவாமிக்கு நிவேதனம். பிற கோயில்களில் பச்சரிசிதான் வழக்கம், இங்கோ புழுங்கலரிசி. கூடவே கீரையும் பாகற்காயும். ஈசன் ஒரு முதிய உபாத்தியாயராக வந்து இவ்வூர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னபோது, அவர் விரும்பி உண்ட உணவு இது என்பது ஐதிகம்.

நானும் ஓர் உபாத்தியாயன். ஆனால் என் ஆகாரம் வேறு. அதன் பலனைச் சில மாதங்களுக்கு முன் தெரிந்துகொண்டேன். வேறொரு காரணத்துக்காக வயிற்றை ஸ்கான் எடுத்தபோது, என் கல்லீரலில் கொழுப்புச் சேர்ந்திருப்பதாக வைத்தியர் சொன்னார். நான் திடுக்கிட்டு, "ஐயா, நான் மதுவைத் தொட்டதே இல்லையே!" என்றேன். "தட்டு நிறையச் சோற்றையும் டம்ளர் நிறையச் சர்க்கரைக் காப்பியையும் தொட்டிருக்கிறீர்கள் அல்லவா?" என்றார் அவர்.

விஷயம் இதுதான். கல்லீரல் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ எடையுள்ள உறுப்பு. நாம் உண்ணும் மாவுப்பொருளும் சர்க்கரையும் உடலின் தேவைக்கு மிஞ்சினால், மிச்சத்தை அது கொழுப்பாக மாற்றுகிறது. முக்கியமாக, சர்க்கரையில் பாதியாக உள்ள பழச்சர்க்கரை பெரும்பாலும் கல்லீரலிலேயே செலவாக வேண்டும். கல்லீரலில் கொழுப்பு நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் போனால் அது நோய். வலி இராது. வருஷங்கள் செல்லச் செல்லச் சிலருக்கு அழற்சியும், பிறகு தழும்பும், கடைசியில் ஈரல் சுருக்கமும் உண்டாகின்றன.

இது என் ஒருவன் சங்கதியன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடன் சேர்ந்து சென்னை ஆராய்ச்சியாளர்கள் தேசம் முழுவதும் நடத்திய ஆய்வு 2023-இல் வெளியாயிற்று. வயது வந்தவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 40 பேருக்கு வயிற்றுப் பருமன் இருப்பதாக அது சொல்கிறது. கல்லீரல் கொழுப்பு நோயை மத்திய அரசாங்கம் 2021-இல் தன் தேசிய நோய்த் தடுப்புத் திட்டத்தில் சேர்த்தது.

அப்படியானால் புழுங்கலரிசியும் கீரையும் பாகற்காயும் இதற்கு மருந்தா? இங்கேதான் நாம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

புழுங்கலரிசியின் பெருமை உண்மையானது. நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள பி-1 ஜீவசத்து அரிசிக்குள் இறங்குகிறது. மலேயாவில் தீட்டிய வெள்ளரிசி உண்டவர்களை பெரிபெரி நோய் வாட்டியபோது, புழுங்கலரிசி உண்ட தமிழர்கள் பெரும்பாலும் தப்பினார்கள். கோலாலம்பூரில் பிளெட்சர் என்ற வைத்தியர் இரண்டு அரிசிகளையும் ஒப்பிட்டுச் சோதித்து, 1907-இல் அதை வெளியிட்டார். ஆனாலும் புழுங்கலரிசியும் அரிசிதான். அளவு மிஞ்சினால் அதுவும் கொழுப்பாகும்.

பாகற்காய் எலிகளின் கல்லீரல் கொழுப்பைக் குறைத்ததாக ஆராய்ச்சிகள் உண்டு. மனிதரிடம் நடந்த சோதனைகள் சிறியவை. முடிவுகளும் ஒன்றுபோல் இல்லை. கீரையில் கொழுப்பைக் கரைக்கும் மந்திரம் ஏதுமில்லை. நார்ச்சத்து நிறைய, சக்தி குறைவு. அது வயிற்றை நிரப்பி, சோற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அதுவே பெரிய உபகாரம். பழைய சாப்பாட்டின் நன்மை ஒரு சரக்கில் இல்லை. இலையில் எதற்கு எவ்வளவு இடம் என்பதில் இருந்தது. அதிரசமும் பாயசமும் பண்டிகைக்கு வந்தன, தினமும் வரவில்லை. உண்டவர்களும் வயலில் நடந்தார்கள்.

"நம் நாட்டுப் பண்டம்" என்ற முத்திரை ஒன்றே போதும் என்றும் எண்ணக் கூடாது. வெல்லமும் கருப்பட்டியும் சுதேசிதான். கல்லீரலுக்கு அவையும் சர்க்கரையே. சீந்தில் கொடியைப் பல நாள் உட்கொண்ட சிலருக்குக் கல்லீரல் கெட்டதாக மும்பை வைத்தியர்கள் 2021-இல் அறிவித்தார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. வைத்தியரைக் கேளாமல் பச்சிலை அரைத்துக் குடிப்பது தேசபக்தி ஆகாது. நீரிழிவு மாத்திரை உண்பவர்கள் பாகற்சாற்றையும் சேர்த்துக் குடித்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கக்கூடும்.

நிச்சயமாகத் தெரிந்த பரிகாரம் ஒன்று உண்டு. பருத்தவர் உடல் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைத்தாலே கல்லீரல் கொழுப்பு இறங்கத் தொடங்குகிறது. ஏழு முதல் பத்துப் பங்கு குறைத்தால் அழற்சியும் தணிகிறது. எண்பது கிலோ எடையுள்ளவருக்கு இது ஆறு முதல் எட்டுக் கிலோ. நம்மவர்களில் ஆணுக்கு இடுப்பு 90 சென்டிமீட்டருக்கும், பெண்ணுக்கு 80-க்கும் மேற்படாமல் இருப்பது நலம். தையற்காரரிடமுள்ள நாடாவே இதற்குப் போதும்.

எங்கள் வீட்டில் இப்போது கீரையும் காயும் பாதி இலையை அடைத்துக்கொள்கின்றன. பருப்போ சுண்டலோ தவறாமல் உண்டு. காப்பியில் சர்க்கரை இல்லை. பாகற்காயைப் பார்த்து முகம் சுளித்த என் மகன், சுவாமி கதையைக் கேட்டபிறகு இரண்டு துண்டு தின்றான். மாலையில் இருவரும் நடக்கிறோம். என் எடை நான்கு கிலோ இறங்கியிருக்கிறது. இன்னும் இறங்க வேண்டும்.

ஆத்மநாதர் ஆவியோடு நிறுத்திக்கொள்கிறார். நாம் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. அடுத்த கரண்டிச் சோறு வரும்போது இலைக்குக் குறுக்கே கையை நீட்டினால் போதும்.